முட்டைக்கோசுத் தண்ணி

சோறு விட்டு நாப்பத்தொரு நாள்.
சர்க்கரை இறங்கியது, வேட்டி மடிப்பு கூடியது,
வயிறு மட்டும்
பல்லடம் ரோட்டில் டயர் வெடித்த லாரி மாதிரி
நின்ற இடத்திலேயே நின்றது.

முட்டை, பன்னீர், மறுபடி முட்டை.
"குடலுக்குள்ள இருக்கற உசுருகளுக்கும்
ஏதாச்சும் போடோணுமுங்க" என்றார்
மருந்துக்கடை சென்னியப்பன்,
மாத்திரை கேட்டுப் போனவனிடம்.

செவ்வாய்ச் சந்தையில் ஒரு முட்டைக்கோசு.
அரிந்து, கல்லுப்புப் போட்டுப் பிசைந்து,
ஊறுகாய் பாட்டிலில் திணித்து வைத்தேன்.
தினம் ஒருக்கா மூடியைத் தளர்த்தினால்
உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.

சீட்டுப் பணம் போன நாளிலிருந்து
ரத்தினாத்தாளும் நானும் பேசுவதில்லை.
அவள் பக்கம் இட்லிமாவுப் போசி,
என் பக்கம் பாட்டில்,
நடுவில் கேஸ் அடுப்பு.

மார்கழிக் குளிர். மூன்று நாளாக
மாவு பொங்கவேயில்லை.
பையன் தட்டை நகர்த்திவிட்டு
பேக்கரி பன்னோடு காலேஜ் பஸ் ஏறினான்.

நாலாம் நாள்
இட்லிப் பானையிலிருந்து வேறொரு மணம்.
பாட்டிலைப் பார்த்தேன்,
தண்ணி ரெண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"யாரு தொட்டது?"
சுவரிடம் கேட்டேன்.

"மூடியத் தொறந்து உடாமத் தூங்கிப் போயிட்டா?"
அவளும் சுவரிடமே சொன்னாள்.
"ராத்திரி பொங்கி வழிஞ்சுது.
கீழ போறத
மாவுல ஊத்துனேன்."

என் தட்டில் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் மோர்,
அப்புறம்
நான் கேட்காத
அரை இட்லி.

தின்றதையெல்லாம் கணக்கெழுதும் நோட்டில்
அதை மட்டும் எழுதவில்லை.