நாளை எடுத்த படம்

புன்டா அரேனாஸில், தீர்வையில்லாக் கடைவீதியில்
பாதி விலைக்கு வாங்கினேன் இந்தக் கேமராவை.
ஒசாகாவில் யாரோ வைத்திருந்து விற்றதாம்.
பெட்டிக்குள் கூடவே வந்தது
செங்கல் கனத்தில் ஒரு கையேடு,
முழுக்க ஜப்பானிய மொழியில்.
“ஸ்பானிய மொழியில் வேண்டுமா?
போனில் இறக்கிக்கொள், சும்மா கிடைக்கும்”
என்றான் கடைக்காரன்.
இறக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எடையே இல்லை.
இரண்டையும் நான் திறக்கவில்லை.

என் தொழில் பெரிய கலையொன்றும் இல்லை.
கப்பல்களின் காயங்களைப் படமெடுப்பேன்.
துறைமேடையில் இடித்த விலா,
துருவுக்கு அடியில் மயிரிழை விரிசல்,
அளவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் அடிக்கோல்.
அழகு யாருக்கும் வேண்டாம்.
காப்பீட்டு அலுவலகம் கேட்பது
எங்கே, எப்போது.

ஜூன் ஒன்பது, பிற்பகல் மூன்று மணி.
‘தெல்மிரா’ என்ற மீன்பிடிக் கப்பல்,
இடப்பக்கம் நசுங்கல், நாற்பது சென்டிமீட்டர்.
ஊசி போல் துல்லியமான படம், எனக்கே பெருமை.
அனுப்பிய கால்மணியில் எலியாசர் கூப்பிட்டார்:
“இஸ்மேனியா, இதில் பத்தாம் தேதி
விடிகாலை மூன்று என்றிருக்கிறது.
நாளை எடுத்த படத்துக்கு
இன்றைக்கு நான் எப்படிப் பணம் தருவது?”

அப்போதுதான் உறைத்தது.
நானும் கப்பலும் இங்கே நிற்க
கேமராவின் கடிகாரம் மட்டும்
இன்னும் ஒசாகாவில் குடியிருக்கிறது,
சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால்.

‘தெல்மிரா’ கயிறு அவிழ்க்க இருபது நிமிடம்.
போனில் ‘நேரம்’ என்று தேடினேன்.
தொண்ணூற்று மூன்று இடங்கள்.
ஒளி புகும் நேரம், தாமத நேரம்,
பேட்டரி தாங்கும் நேரம்,
சேவை மையம் திறந்திருக்கும் நேரம்.
கையுறையோடு தொட்டால் போன் என்னை அறியாது.
கழற்றினால் என் விரலை நான் அறியேன்.

சரி, செங்கல்.
திறந்ததும் காற்று எனக்கு முன்னால் படிக்க ஆரம்பித்தது,
ஐம்பது பக்கம் ஒரே மூச்சில்.
(தெருமுனையில் ஆள் பிடித்து நடக்கக்
கயிறு கட்டிவைக்கும் ஊர்க்காற்று.)
ஒரு தாள் பிய்ந்து நீரிணைக்குள் போனது.
எதைப் பற்றியதோ.
முழங்காலால் அமுக்கினேன்.
எழுத்து ஒன்றும் புரியவில்லை,
ஆனால் ஒரு மூலை மடிந்திருந்தது.
உள்ளே தபால்தலை அளவில் உலக வரைபடம்,
போர்ச்சுகல் மேல் பென்சில் வட்டம்,
பக்கத்தில் பென்சிலிலேயே ஒரு சிறு வரி.

அதே வரைபடத்தைத் தேடிப் போனில் பக்கங்களை ஓட்டினேன்,
இருநூற்று எண்பத்தேழில் அகப்பட்டது.
ஒரு முழங்காலின்கீழ் ஒசாகா,
மறு கையில் ஸ்பானிய மொழி.
பல்லால் கையுறையைக் கடித்துக்கொண்டு
மூன்றாம் மெனு, கீழே, இன்னும் கீழே, வலப்பக்கம்.
கடிகாரம் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது
கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது.

ஓடினேன். எடுத்தேன்.
ஆடிப்போன படம். நசுங்கலா நிழலா என்று
நானே சொல்ல முடியாது. அடிக்கோலும் இல்லை.
மேலே மட்டும்: ஒன்பது, மூன்று இருபத்தாறு.
எலியாசர் அதை ஏற்றுக்கொண்டார்.

இரவு, அடுப்பருகில், விரல்கள் திரும்பி வந்த பிறகு
அந்தப் பென்சில் வரிமேல் போனைப் பிடித்தேன்.
மொழிபெயர்ப்பு சற்றுத் தயங்கி,
ஒரு சொல்லை மாற்றிப் பார்த்து, பிறகு சொன்னது:
‘வீடு திரும்பியதும்
மறக்காமல் பழைய நேரம் வை.’

மறக்கவில்லை, மகராசன்.
ஊர் திரும்பி ஒழுங்காகத் திருத்தி வைத்துவிட்டுத்தான்
விற்றிருக்கிறார்.