கூரையும் கூறையும்

போன கார்த்திகை, மல்லாவி தாண்டிப் போகையில்
பின்சீற்றிலிருந்த மணப்பெண்ணின் மடியில்
ஒரு சொட்டு விழுந்தது.
துருவின் நிறம்.
கண்ணாடியில் பார்த்தேன். அவள்
உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்,
மண்டபம் வரும்வரை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் வாடகையை எண்ணித் தந்தா,
ஐந்நூறு குறைத்து.
“உங்கட கூரை ஒழுகி எங்கட கூறை போச்சுது.”
சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஒஸ்ரின் கேம்பிறிஜ், ஐம்பத்தெட்டாம் ஆண்டு.
என்னைவிடப் பதினொரு வயது மூப்பு.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை
சீற்றுகளைக் கழற்றினோம், கூரைத் துணியை உருவி
வேலியில் போட்டோம்.
எனக்கு முழங்கால் மடங்காது. ஆகவே
தவமலர்தான் உள்ளே போய் மல்லாந்து படுத்தாள்,
வாயில் ரோச், கையில் பவுடர் ரின்.
மூட்டு மூட்டாய்த் தூவி முடித்துத் தட்டினாள்.
நான் வெளியே, குழாயோடு.

கீழிருந்துதான் தொடங்கவேண்டும்.
உச்சியில் ஊற்றினால் எல்லாம் நனையும்,
ஒன்றும் தெரியாது.
மட்காட் பொருத்து. “இல்லை.”
கதவோரம். “இல்லை.”
பின்கண்ணாடி றப்பர். “இல்லை, ஊத்துங்கோ.”
கூரையோரத்துப் பீலியில் குழாயை வைத்து
ஒருவாய் வெற்றிலை மென்று முடித்தேன்.
“வருது.”
எங்கே?
“நீங்கள் ஊத்துற இடத்தில இல்லையப்பா.
ரெண்டு முழம் பின்னுக்கு.
பவுடருக்குள்ளால பூரான் மாதிரிப் போகுது.”

பீலியைச் சுரண்டினேன். பழைய பூச்சு
காய்ந்த பனாட்டுப்போல் பாளம் பாளமாய் வந்தது.
வெள்ளைக்குக் கீழே கறுப்பு,
கறுப்புக்குக் கீழே ஆரோ ஆசைப்பட்ட பச்சை,
அதற்கும் கீழே தகரம்,
ஊசி போகிற அளவில் ஒரு வாய்.
இரண்டு நாள் காயவிட்டு, துருவை உரஞ்சி,
சிவப்புப் பிறைமர் அடித்து,
வவுனியாவில் வாங்கிய சீலரைப் பிதுக்கினேன்.
என் கோடு நாய் நடந்த பாதை.
தவமலர் சோப்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து
ஒரே இழுவையில் நேராக்கினாள்.

டிக்கி வேறு கதை.
உபரிச் சில்லு கிடக்கிற குழியில் ஒரு சாண் தண்ணீர்,
நுளம்புக் குஞ்சுகள் துள்ளின.
டெங்குக்காரர் கண்டால் வழக்குத்தான்.
அங்கே பொருத்தெல்லாம் திறம், ஓர் இடமும் ஒழுகவில்லை.
அதுதான் குறை.
அடியில் தடவினால் ஒரு மேடு.
திருப்புளியால் கிண்ட, தார். தாருக்குள் துணி.
துணிக்குள் கல்லாய்ப் போன சவர்க்காரக் கட்டி.
மணந்து பார்த்தேன்:
மண்ணெண்ணெய். இத்தனை வருசத்துக்குப் பிறகும்.

எனக்கு விற்ற அரியகுட்டியர் அப்போது சொன்னவர்,
தடைக்காலத்தில் தன்னிடம் எண்ணெய் முடிந்ததேயில்லையென்று.
எங்கே ஒளித்தார் என்று சொல்லவில்லை.
கொம்பனி விட்ட துளையை
உள்ளே இருப்பது போகாமலிருக்க அடைத்தார்.
வெளியே இருந்து வந்ததும் போகவில்லை.

“அடைக்கட்டோ திரும்ப?” என்று கேட்டேன், சீலர் கையிலிருந்த புழுகத்தில்.
“விசரே உங்களுக்கு” என்றாள்.
துளையால் தண்ணீர் இறங்கி
எங்கள் காலடி மணலுக்குள் போயிற்று.

தையில் முதல் ஓட்டம், ஒட்டுசுட்டானுக்கு.
பருவம் தப்பிய மழை, சோவென்று.
பின்சீற்றில் கூறை மொடமொடவென்று காய்ந்தபடி.
ஒரு சொட்டு மட்டும்
எங்கிருந்தோ சுற்றி வந்து
என் மடங்காத முழங்காலில் விழுந்தது.
அதற்கு ஆரும் காசு குறைக்கவில்லை.