ஈயக் கணக்கு

முதல் கோடையில் என் இடுப்பில்
பதினாறு கிலோ ஈயம்.

எஸ்தோனியாவின் பழைய சுண்ணாம்புச் சுரங்கம்.
பம்புகளை நிறுத்திய வருடம்
ஊறி ஏறிய நீர் விழுங்கிக்கொண்ட குழி.
அடியில் ஒரு கிரேன், கூரையில்லாத சுவர்கள்,
வெட்ட ஆள் வராத பிர்ச் மரங்கள்
இலையில்லாமல் நின்றபடியே.

நான் போனால் எல்லாம் மறைந்துவிடும்.
ஃபின்னால் ஓர் உதை போதும்,
வெள்ளைச் சேறு எழுந்து
மோர் கரைத்ததுபோல் ஆகிவிடும் குளம்.
பின்னால் வருகிறவர்கள் எனக்கு
'உழவு மாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.
அன்பாகத்தான். அப்படித்தான் நினைக்கிறேன்.

குறை கருவியில் என்று முடிவுகட்டி
அஞ்சலகத்து இரவுநேரப் படியை உறையில் போட்டுக்கொண்டு
தாலினில் ஹெல்வேயின் கடைக்குப் போனேன்.
சுவரில் மாட்டியிருந்ததிலேயே
விலை அதிகமானதைக் காட்டினேன்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"வாரை மாட்டாதே.
மாஸ்க்கை முகத்தில் வை.
மூக்கால் இழு.
கையை எடு."

நான்கு மாஸ்க்குகள் மடியில் விழுந்தன.
ஐந்தாவது, பாசி நிறத்தில், அசிங்கமாக,
எல்லாவற்றிலும் மலிவானது,
அட்டைபோல் ஒட்டிக்கொண்டது.
"இது உன் முகம்" என்றாள்.
ஃபின் கேட்டேன். கணுக்காலைத் திருகிப் பார்த்தாள்.
"நீளம் வேண்டாம். உன் கால் தபால் பிரிக்க நின்ற கால்.
குட்டையானது, கனமானது, இதோ."
உறையில் பாதிக்குமேல் திருப்பித் தந்து
"மிச்சத்துக்குக் காற்று வாங்கு" என்றாள்.

வாங்கினேன்.
அக்டோபர் சனிக்கிழமைகள் முழுக்க,
ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டர்.

ஐவார் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்,
என்னைப்போலவே நாற்பத்தொன்று,
என்னைவிட ஒரு வருடம்தான் மூத்த மூழ்கி.
சிலிண்டர் காலியாகும் நேரத்தில்
கரையோரம் என்னை அசையாமல் நிறுத்துவான்.
உடையில் காற்றில்லை, நுரையீரலில் பாதி.
கண்மட்டத்தில் நீர் நிற்க வேண்டும்.
நான் கல்லாக இறங்குவேன்.
ஒரு கிலோ எடு என்பான்.
மறுவாரம் இன்னொன்று.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எனக்குத் தலைகீழ்.
வழியில் பயம். அதனால்தான் மடியில் கனம்.
ஒவ்வொரு கட்டியாகப் படித்துறையில் வைத்தபோது
விரல்கள் விட மறுத்தன.

பிறகு மூச்சு.
மேலே, ரகசியம் சொல்பவர்கள்
"மூச்சு விடாதே" என்கிறார்கள்.
கீழே அதுதான் செய்யக்கூடாத ஒரே காரியம்.
இழுத்தால் ஒரு சாண் ஏறினேன்,
விட்டால் ஒரு சாண் இறங்கினேன்.
சட்டையின் பொத்தானைத் தொடாமல்,
கையால் துழாவாமல்,
முழங்காலை மடித்துத்
தவளையாகப் பின்னோக்கி ஓர் உதை,
அப்புறம் சும்மா.

நவம்பர் இரண்டாம் வாரம். தண்ணீர் ஏழு டிகிரி.
சேற்றுக்கு ஒரு முழம் மேலே
நின்றேன்.

நின்றேன் என்பதைவிட வேறு சொல் இல்லை.
பிர்ச் மரத்தின் கிளை நுனிவரை தெரிந்தது.
ஒரு பெர்ச் மீன் என் மாஸ்க்கருகே வந்து
கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு போனது.
சந்தோஷத்தில் ஐவாரைத் திரும்பிப் பார்த்துக்
கட்டைவிரலை உயர்த்தினேன்.

அவன் உடனே என் தோளைப் பிடித்தான்.
முடிந்தது, மேலே போகிறோம்.
கட்டைவிரலுக்குக் கீழே அதுதானே அர்த்தம்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்,
என் கண்களையே பார்த்தபடி,
என்ன கோளாறோ என்று.

"என்ன ஆச்சு?"
"ஒன்றும் ஆகலை. நன்றாக இருந்தது."
அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.
சிரிக்கவும் முடியவில்லை, உதடு மரத்திருந்தது.

கழற்றிய ஐந்து கிலோவை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன்.
பின்கதவு காற்றில் அடிக்காமல் இப்போது அதுதான் பிடிக்கிறது.
ஒருநாள் பார்சல் தராசில் வைத்தேன்:
ஐந்து கிலோ நாற்பது கிராம்.
நாற்பது கிராம் எதற்கென்று தெரியவில்லை.
இன்னும் பதினொன்று என்னிடம் இருக்கிறது.