அடிச்சொல்

பிராஸ் பசா புளோக்கின் மூன்றாம் மாடி.
ஈரப்பதம் ஐம்பத்திரண்டு என்று காட்டும் கருவிக்குக் கீழே
திரு க்வெக் ஏலத்தில் எடுத்த புத்தகத்தைத் திறக்கிறேன்.
லண்டன், 1723.
‘பல தருணங்களில் எழுதிய கவிதைகள்.
ஒரு சீமாட்டி இயற்றியது.’
அவள் பெயர் இல்லை.
பதிப்பித்தவன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில்,
கடை எந்தச் சந்தில்,
எந்த நீலப்பன்றிப் பலகைக்குக் கீழே என்பது வரை.

குறைகளை எழுதுவது என் வேலை.
முன்னட்டை தளர்ந்தது.
பூச்சித்துளை, பக்கம் ஒன்பது முதல் முப்பது வரை,
எழுத்தைத் தொடவில்லை.
தாள் நல்ல தாள், கந்தல் துணியை ஊறவைத்து அடித்தது.
எவனோ மாலுமி கழற்றிய சட்டைமேல்
நிலவைப் பற்றி எட்டு வரிகள்.

அன்றைய அச்சில் எஸ் எழுத்து எஃப் போல நிற்கும்.
‘சின்’ என்றதை ‘ஃபின்’ என்று படித்துவிட்டேன்.
பாவங்களை மன்னியும் ஆண்டவரே என்று அவள் இறைஞ்ச,
தேக்கா சந்தைப் பனிக்கட்டிமேல்
துடுப்புகள் எல்லாம் மன்னிக்கப்பட்டுக் கிடந்தன.

கவிதைகளுக்கும் முன்னால், ஆறு பக்கம்,
சந்தாதாரர் பட்டியல்.
முதலில் பிரபுக்கள், பிறகு பாதிரிகள்,
கடைசியில் ஒரு சாராய வியாபாரி.
அச்சேறும் முன் பாதிப் பணம், கையில் கிடைத்ததும் மீதி.
‘திருமதி டபிள்யூ——, மூன்று படிகள்.’
முழுப்பெயர் போட அஞ்சியவளுக்கு
ஒரு நீளக் கோடு.

எனக்கும் பட்டியல் உண்டு, வாட்ஸப்பில்.
‘புத்தகம் அச்சுக்குப் போகிறது. முன்பதிவு பதினைந்து வெள்ளி.
பேநவ் செய்யலாம்.’
கைகூப்பும் பொம்மைகள் நாற்பத்தொன்று.
பணம் பதினேழு.
சென்னையிலிருந்து வந்த முந்நூறில் இருநூற்று எழுபது
ஈசூன் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே.
இடம் போதாமல் மிஞ்சிய ஒரு பெட்டிமேல்
மகன் ரைஸ்குக்கரை வைத்திருக்கிறான்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
அந்நாளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைப் போடுவார்கள்,
தாள் மடிப்பவனுக்கு வரிசை தப்பாதிருக்க.
இங்கே அடியில் நிற்பது
‘ஆனாலும்’.
எதிர்ப்பக்கமோ ‘வசந்தமே’ என்று தொடங்குகிறது.

தையலோரம் விரலால் தடவினேன்.
வெட்டிய தாளின் மெல்லிய அடிக்கட்டை.
அதன்மேல் வேறொரு தாளை ஒட்டியிருக்கிறார்கள்.
கவிதையை எடுத்தவர்கள் சொல்லை மறந்துவிட்டார்கள்.
யார் எடுக்கச் சொன்னது?
நீலப்பன்றிக்காரனா,
மூன்று படி வாங்கிய திருமதி டபிள்யூவா,
விடிய விடிய விழித்திருந்து அவளேவா?
வசந்தக் கவிதை மோசம்.
அவசரத்தில் எழுதியது, மைகூட வேறு கறுப்பு.

போன மாதம் புக்கிட் பாத்தோக்கிலிருந்து பைரவி,
பணம் கட்டிய பதினேழில் ஒருத்தி,
கேட்டிருந்தாள்:
‘பொருளடக்கத்தில் நாற்பத்தேழாம் பக்கம்
“இரண்டாவது பல்துலக்கி” என்றிருக்கிறது.
அங்கே போனால் மழைதானே பெய்கிறது?’

அச்சுப்பிழை என்று பதில் போட்டேன்.
மன்னிக்கவும் என்றும் போட்டேன்.
அச்சகத்துக்கு மூன்று முறை கோப்பை மாற்றி அனுப்பியவள்
பொருளடக்கத்தைத் தொட மறந்தேன்.
மழைக் கவிதை மோசம்.

‘குறை இருக்கா? விலை இறங்குமா?’ என்கிறார் க்வெக்.
ஒட்டுத்தாள் இருக்கிறது, ஏறும் என்கிறேன்.
நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு
கோப்பி-ஓ கொசொங் வாங்கக் கீழே போகிறார்.
சீட்டில் பென்சிலால் எழுதுகிறேன்:
‘பக். 62, அடிச்சொல் பொருந்தவில்லை.’

பைரவியின் செய்தி எங்கோ மேலே போய்விட்டது.
தள்ளித் தள்ளித் தேடி எடுத்து,
கட்டைவிரலால்
ஒரு சொல் தட்டுகிறேன்.
ஆனாலும்