அறுபத்தைந்தாம் எண் பேருந்தில் கூதிர்

பெரும்பொழுது ஆறையும் எழுதச் சொன்னது தேர்வுத்தாள்.
நான் ஐந்து எழுதினேன்.
கார், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்.
விட்டுப்போனது கூதிர்.
அரை மதிப்பெண் போயிற்று.
போகட்டும் என்றிருந்தேன்.
இந்த ஊருக்கு இரண்டே பொழுது:
மழை,
மழைக்கு முந்தைய புழுக்கம்.

தீபாவளி முடிந்து பத்து நாள்.
ஹார்பர்ஃபிரண்ட்டில் வண்டியைக் கிளப்புகிறேன்.
வெளியே இருபத்து மூன்று டிகிரி என்கிறது கருவி.
இருபத்து மூன்று!
அலமாரியில் மூச்சுமுட்டிக் கிடந்த கம்பளிச் சட்டைகளெல்லாம்
இன்று பேருந்தேறிவிட்டன.
கழுத்தைச் சுற்றிச் சால்வை,
காலில் ரப்பர் செருப்பு,
ஒரு பெண் அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறாள்.
அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பள்ளிகள் நேற்றோடு மூடின.
விடியலில் எந்தச் சீருடையும் கை நீட்டி
வண்டியை நிறுத்தியிருக்காது.
அந்தப் பிள்ளைகள்தான்
இப்போது இரவு எட்டரைக்கு
எங்கேயும் போக வேண்டாதவர்களாய் ஏறுகிறார்கள்.
மேல்தளத்து முன்னிருக்கைக்கு ஓட்டம்,
என் தலைக்கு மேல் தடதடவென்று.
திரையில் பார்க்கிறேன்:
அக்காளும் தம்பியும் கண்ணாடியில் மூக்கை நசுக்கியபடி.
பின்னிருக்கையில் அப்பா, வாய் திறந்த உறக்கம்.

ஆர்ச்சர்ட் ஒருவழிச் சாலை.
தேக்காப் பக்கம் சிராங்கூன் சாலையும் ஒருவழி.
ஆகையால் என் வண்டியில் காலம் தலைகீழ்.
முதலில் கிறிஸ்துமஸ்,
ஏழெட்டு நிறுத்தம் தாண்டித் தீபாவளி.

ஆர்ச்சர்டில் பனி பெய்கிறது.
சோப்பு நுரைதான்;
பேரங்காடி வாசலில் இயந்திரம் ஊதுகிறது.
ஒரு மழைத்துளி பட்டால் செத்துப்போகும் பனி.
ஆனாலும் அலுவலகப் பையோடு ஒருவர்
அண்ணாந்து, நாக்கை நீட்டி நிற்கிறார்.
பின்னால் வந்த டாக்சி ஹாரன் அடித்தது.
நான் அவரைப் பார்த்துக்கொண்டே
பச்சை விளக்கைக் கோட்டைவிட்டிருந்தேன்.

அடுத்த சிவப்பில்
கண்ணாடியில் வந்து அறைந்து ஒட்டியது
நாட்டு வாதுமை இலை ஒன்று.
என் கையைவிட அகலம்.
செக்கச்செவேல், நரம்போரம் மட்டும் மஞ்சள்.
துடைப்பான் தள்ளிப் பார்த்தது, போகவில்லை.
அதன் மேலேயே தொற்றிக்கொண்டு
இடமும் வலமும் ஆடியது,
காசு கொடுத்து ஏறியது போல.
"கூதிர்" என்றேன், வாய்விட்டு.
அட்டை தட்டிக்கொண்டிருந்தவர் "சாரி?" என்றார்.
ஒன்றுமில்லை,
உள்ளே போங்கள், இடமிருக்கிறது.

தேக்காவில் கதவு திறந்ததும்
ஈர மல்லிகை முதலில் ஏறியது, ஆள் பிறகு.
தலைக்கு மேல் மின்விளக்கு மயில்;
பாரம் தூக்கி லாரியின் தொட்டியில் இருவர் நின்று
தோகையைக் கழற்றிச் சுருட்டியாகிவிட்டது.
தலையும் கழுத்தும் மட்டும்
இன்னும் நீலமாய் எரிகின்றன.
தோகையில்லாத மயில், பாவம், கோழிபோல் இருந்தது.
மேல்தளத்தில் அக்காளும் தம்பியும்
சிரித்துச் சிரித்து அப்பாவை எழுப்பிவிட்டார்கள்.

தெம்பனிஸ். எல்லாரும் இறங்கினார்கள்,
அந்த மூவரைத் தவிர.
"இன்னொரு முறை போகலாமா?" தம்பி என்னைத்தான் கேட்டான்.
அடுத்த வண்டி, அந்தப் பக்கம், என்று காட்டினேன்.
அப்பா என்னை முறைத்தார்.

ஓய்வறையில் ஜெரால்டின் பெரேரா
என் முறுக்கு டின்னைத் திருப்பித் தந்தாள்.
டின் கனத்தது. திறந்தேன்:
சூஜி கேக், ஏழு துண்டு, பாதாம் பதித்தது.
மூடியின் உள்பக்கம் இன்னும் சீரக வாசனை.
ஒரு கடியில் வெண்ணெயும்
போன வாரத்து ஓமமும் சேர்ந்து வந்தன.
"பழையதா?" என்றாள் கவலையோடு.
இல்லை, இரண்டு பண்டிகை, என்றேன்.

நாளைக்கு எனக்குக் காலைச் சுற்று.
மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன்.
ஏன் என்றாள்.
மயிலின் தலையை நாளைதான் இறக்குவார்கள்.