ஏழு மைல்

பதினோரு வருஷம் இழுவைப் படகு.
எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் எனக்கு அது
துருவும் பெயின்ட்டும் கலந்த ஒரு சுவர்.
தள்ளவேண்டிய இடத்தில்
வெள்ளையில் ஓர் அம்புக்குறி.
மேலே, கழுத்து வலிக்கும் உயரத்தில்,
முகமில்லாமல் ஒரு குரல்.

"கெம்பாஸ், மெதுவாகத் தள்ளு."
மெதுவாகத் தள்ளுகிறேன்.
"கெம்பாஸ், நிறுத்து."
நிறுத்திவிட்டேன்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வது வேலையில் பாதி.
இந்தப் பழக்கம் வீட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை
என்று கேட்பாள் மதுரவல்லி.

பிறகு பைலட் பரீட்சை.
வெறுந்தாளில் துறைமுகத்தை வரையவேண்டும்:
ஒவ்வொரு மிதவை, ஒவ்வொரு திட்டு,
எந்த விளக்கு எத்தனை நொடிக்கொருமுறை கண் சிமிட்டும்.
இரண்டாம் முறை தேறினேன்.
சைரீன் திட்டைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டேன்
முதல் முறை.

அப்புறம் ஏணி.
ஒன்பது மீட்டர் கயிறு, மரப்படிகள், இரவு.
அலை படகைத் தூக்கி நிறுத்தும் உச்சியில்
கால் மாறவேண்டும்.
இறங்கும்போது மாறினால்
படகு திரும்பி வந்து
முழங்காலைக் கேட்கும்.

தூத்துக்குடிக் கேப்டன் ஒருவர்
காப்பி நீட்டிக் கேட்டார்:
நமக்கு எந்த ஊர்?
பீஷான்.
அது சரி தம்பி, சொந்த ஊர்?
தோ பாயோ, எட்டாவது லோரோங்.
அவர் என் முகத்தில் இன்னும் எதையோ தேடினார்.
நான் முன்னால் குறுக்கிட்ட
மணல் தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கம் பத்து, என்றேன்.

டர்பன் போகும் கப்பல், சிலி போகும் கப்பல்,
பெயரை வாசிக்கவே முடியாத கப்பல்.
எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறேன்.
எதிலும் எங்கும் போனதில்லை.
ஏழு மைல்.
ஒரு கையெழுத்து.
திரும்ப ஏணி.

சட்டத்தில் பைலட் ஆலோசகன்தான்.
பொறுப்பு கேப்டனுடையது.
அந்தச் சனிக்கிழமை விடியலில்
எனக்கு அந்தச் சட்டம் உதவவில்லை.

பாசிர் பாஞ்சாங். மேற்கே வானம்
ஈயப் பாத்திரத்தின் அடியாகக் கறுத்து வந்தது.
சுமத்ரா காற்று.
கப்பல் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது.
எஞ்சினைக் கூட்டுங்கள், என்றேன்.
பின்னால், கயிற்றின் முனையில்,
கெம்பாஸ் இருந்தது.
அதனிடம் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

மூன்று நொடி. நாலாகவும் இருக்கலாம்.

பாலத்தின் ஓரத்திலிருந்து பார்த்தேன்:
நான் பதினோரு வருஷம் நின்ற தளம்
சாய்ந்து, சாய்ந்து,
டயர்கள் தண்ணீருக்குள் போவதை.
கயிறு தன்னை இழுக்கும் திசைக்கே
படகு குப்புற விழும். தெரியும் எனக்கு.
தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

ஹயாத்தி கொக்கியை விட்டாள்.
நான் சொல்லாததை
அவள் திருப்பிச் சொல்லவில்லை.
படகு நிமிர்ந்தது, நாய் உடம்பை உதறுவதுபோல.
ரேடியோவில் வெகுநேரம்
மழை மட்டும் பேசியது.

மத்தியானம் பெஞ்சுரு படகுத்துறைக்குப் போனேன்.
என்ன சொல்லவேண்டும் என்று
டாக்சியில் மூன்று விதமாக யோசித்திருந்தேன்.
அவள் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து
நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
கரண்டி இன்னும் லேசாக நடுங்கியது.
"சுடா மாக்கான், கேப்டன்?"
பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.
நெத்திலியை மட்டும் எடுத்தேன்.
மூன்று விதமும் மறந்துவிட்டது.

அறிக்கையில் எழுதினேன்:
என் உத்தரவு தாமதம்.
நான்கு மாதம் பெரிய கப்பல் கிடையாது.
எண்ணெய்த் தோணிகளோடு திரிந்தேன்.
மதுரவல்லி ஒன்றும் கேட்கவில்லை,
சோற்றில் ரசம் கூட்டி ஊற்றினாள்.

இப்போது எஞ்சினைத் தொடுமுன்
படகின் பெயரைச் சொல்கிறேன்.
அந்தப் பெயர் கீழிருந்து ஏறி
என் காதுக்கு வரும்வரை
கை அசையாது நிற்கிறேன்.
கிரேக்கக் கேப்டன்கள்
மேசையில் விரலால் தட்டுவார்கள்.

தட்டட்டும்.