எழுபது மீட்டர்

வள்ளியூர் விலக்கிலிருந்து ராதாபுரம் வரை
இறக்கைக்கு முன்னால் நடப்பவன் நான்.
கையில் மூங்கில் கழி, நுனியில் சைக்கிள் டியூப்.
தாழ்ந்து தொங்கும் வயரைத்
தூக்கிப் பிடிப்பது வேலை.
ராத்திரிக்கு எழுநூறு. புரோட்டா தனி.

தேருக்குக்கூட நாலு வீதிதான்.
இதற்குக் கப்பலில் தொடங்கிக்
காற்று அடிக்கும் காடு வரைக்கும் வீதி.
லாரியில் படுத்துக்கொண்டு வருகிறது
ஒற்றைக் காற்றாடி இறக்கை,
தலை கண்மாய்க்கரை தாண்டிய பிறகும்
வால் பெட்ரோல் பங்கில்.
ஓட்டுகிற ராம்சேவக் பீகார்க்காரன்.
எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது.
"ஏலே நில்லு" மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும்.

முக்கு திரும்பும் இடத்தில் வரவேற்பு வளைவு.
அவிழ்க்க முடியாது என்றார் கவுன்சிலர் அருணாசலப்பெருமாள்.
"நாளைக்கு மந்திரி வாராருவே."
எதுக்கு?
"இந்த இறக்கையைத் தொடங்கி வைக்கத்தான்."

இறக்கை போக வளைவு போகணும்,
வளைவு போனால் மந்திரி வரமாட்டார்,
மந்திரி வராமல் இறக்கை சுற்றாது.
மணி ரெண்டரை.
காண்டிராக்டர் ஒரு போன், கவுன்சிலர் ஒரு போன்,
இன்ஸ்பெக்டர் ரெண்டு கொட்டாவி.
டீக்கடை டிவியில் அந்நேரத்திலும்
கோட்டுப் போட்ட நாலு பேர் சண்டை:
நாட்டின் வளர்ச்சி ஆறரையா, ஏழா.
அந்த அரையில்
என் புரோட்டா சேர்த்தியா என்று தெரியவில்லை.

பின்னால் ஏசி காருக்குள்
பணம் போட வந்த வெளிநாட்டார் அஞ்சு பேர்.
நாலு பேர் தூங்கினார்கள்.
ஒருத்தர் மட்டும் இறங்கி வந்து
வேலிக்கருவையை, நாயை, என்னை,
எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பார்த்தார்.

கடைசியில் சமாதானம்:
வளைவின் ஒரு காலை மட்டும் அவிழ்ப்பது,
பேனரைக் கிழிக்காமல் தூக்கிப் பிடிப்பது.
நாட்டையே தாங்கி நிற்கும் தலைவர் என்று
எழுதியிருந்த தலைவரை
இருபது நிமிஷம் நான் தாங்கி நின்றேன்.
தாடையில் கழி குத்திவிடக் கூடாதென்று
கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார் கவுன்சிலர்.
தோள்பட்டை இறங்கிப்போச்சு.
இறக்கை போய்ச் சேர்ந்தது.
வெள்ளென விடிந்திருந்தது.

பத்து நாள் கழித்து தோஹாவிலிருந்து
மச்சினன் ஜெபஸ்டின் ஒரு படம் அனுப்பினான்.
வெளிநாட்டுப் பத்திரிகை அட்டை.
செம்மண், கருக்கல் வானம், நடுவில் வெள்ளை இறக்கை.
மூலையில் சைக்கிள் டியூப் சுற்றிய கழி நுனி.
"அண்ணே, இது உம்ம கம்புதான?"
மகள் படித்துச் சொன்னாள்:
எழுந்து நிற்கும் தேசம்.

அடுத்த மாசம் இன்னொரு பத்திரிகை, இன்னொரு படம்.
அதே முக்கு, அதே விடியல்.
லாரி போக வழிவிட்டு ஓரமாய் வரிசை வைத்த குடங்கள்,
முதல் குடத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்த பூமயில் அக்கா.
மகள் இதையும் படித்தாள்:
தாகத்தில் தேசம்.

ரெண்டும் பொய்யில்லை.
ரெண்டையும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள் வெகுநேரம்.
"ரெண்டுலயும் நம்ம ரோடு நல்லாத்தாம்லே இருக்கு"
என்றாள்.
மந்திரிக்காகப் போட்ட தார்.
அதற்குள் பெயர்ந்துவிட்டது.

அன்றைக்கு அறுந்த ஒரு வயர்
எங்கள் தெருவுக்குப் போகிற வயர்.
மூணு நாள் இருட்டு.
மாடியில் படுத்தால் தெற்கே
சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரியும்,
இறக்கைகள் சுற்றுவது காதுக்குத்தான் தெரியும்.
எங்கள் காற்றுதான்.
எந்த ஊர் மில்லுக்குக் கரண்டோ.

சம்பளம் இன்னும் பாக்கி.
மேலே பில் பாஸாகவில்லை என்கிறார் காண்டிராக்டர்.
மேலே என்றால் சென்னையா, கடலுக்கு அந்தப் பக்கமா,
கேட்டால் கையை வானத்துக்குக் காட்டுகிறார்.

வியாழக்கிழமை அடுத்தது வருகிறது.
எண்பது மீட்டராம்.
மூங்கில் கடைக்குப் போய்
ஒரு முழம் கூடுதலாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.
கடன்தான்.